சுவரில் தலைகீழாக ஒரு தெரு

புதிதாகக் கேமரா வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்யும் முதல் தவறு, வெளிச்சம் நிறைய இருந்தால் படம் நன்றாக வரும் என்று நம்புவதுதான். என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை எப்போதும் இப்படித்தான் தொடங்குவேன். உச்சி வெயிலில் மனைவியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்திருக்கும். கேமரா கோளாறு என்று என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கேமராவில் ஒரு கோளாறும் இருக்காது, அளவுதான் தவறியிருக்கும்.

நீங்கள் என் தங்கையின் கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள், நான் கேமராவைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் முகம் போகிற போக்கிலிருந்தே தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் மேடம். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் நான் ஏதோ கல்நெஞ்சக்காரன் என்று தோன்றும். அந்தத் தப்பெண்ணத்தோடு நீங்கள் எழுதி முடிக்கக் கூடாது.

கேமரா என்ற சொல்லுக்கு அறை என்றுதான் பொருள். முதல் கேமரா கையில் பிடிக்கும் பெட்டி அல்ல, ஆள் உள்ளே போய் நிற்கும் இருட்டறை. ஒரு சுவரில் சிறு துளை. வெளியே நடப்பதெல்லாம் அந்தத் துளை வழியாக உள்ளே வந்து எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். ஓவியர்கள் அதன்மேல் தாளை ஒட்டி வரைந்துகொண்டார்கள். விழுகிற பிம்பத்தை அப்படியே பிடித்து வைக்க ஒரு பூச்சைக் கண்டுபிடிக்கப் பல நூறு வருடங்கள் ஆயின. கண்டுபிடித்த பிறகும் அந்தப் பூச்சு சோம்பேறி. பகல் முழுக்க வெயில் காட்டினால்தான் ஒரு கூரை தெரியும். முகத்தைப் படம் எடுக்க ஆரம்பித்தபோது, உட்கார்ந்திருப்பவர் அசையாமல் இருக்கத் தலைக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்துப் பிடித்தார்கள். அந்தக் காலத்துப் படங்களில் யாரும் சிரிப்பதில்லை என்பார்கள். கழுத்தில் இரும்பு இருந்தால் நீங்களும் சிரிக்க மாட்டீர்கள்.

இப்போது பூச்சும் வேகம், ஷட்டர் என்கிற கதவும் வேகம். ஆனால் கணக்கு மாறவில்லை. துளை எவ்வளவு அகலம், கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, உள்ளே இருக்கும் பிலிம் எவ்வளவு சீக்கிரம் வெளிச்சத்துக்கு மசியும். எக்ஸ்போஷர் என்பது இந்த மூன்றும்தான். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். துளைக்குத்தான் அபர்ச்சர் என்று பெயர். எஃப் இரண்டு, எஃப் பதினாறு என்று அதை எண்ணால் குறிப்பார்கள். எண் பெரிதானால் துளை சிறிது, எண் சிறிதானால் துளை பெரிது. இதைச் சொன்னதும் வகுப்பில் பாதிப்பேர் தலையைச் சொறிவார்கள். "கண்ணாடியில உங்க கண்ணையே பாருங்க" என்பேன். "வெயில்ல போனா கண்பாப்பா சுருங்குது, இருட்டுல விரியுது. அதான் அபர்ச்சர். ஆண்டவன் குடுத்த ஆட்டோமேட்டிக்." உடனே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

கீழே கடை, மேலே வீடு. பழைய பிலிம் கேமராக்களைப் பழுது பார்த்து விற்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதன்மேல் ஒரு பைத்தியம், வியாபாரத்துக்குக் குறைவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஜடை பின்னக்கூட நான்தான் கற்றுக்கொண்டேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு நேரம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளைக் குட்டிம்மா என்றுதான் கூப்பிடுவேன். "எனக்கு நரை வந்தாலும் குட்டிம்மாதானா?" என்று முறைப்பாள். ஆனால் கூப்பிட்டால் வருவாள்.

வளர்ந்ததும் பழைய படங்களைச் சரிசெய்யும் தொழிலுக்கு வந்தாள். அவளுக்குக் கையும் நல்ல கை, கண்ணும் நல்ல கண். கிழிந்த படம், பூஞ்சை பிடித்த படம், யாரோ கோபத்தில் ஒரு முகத்தைச் சுரண்டிவிட்ட கல்யாணப் படம் எல்லாம் அவளிடம் வரும். பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, மெல்லிய தூரிகையால் புள்ளி புள்ளியாக நிரப்பிச் சரிசெய்வாள். ஒரு சாம்பல் நிறத்துக்குள் இருபது சாம்பல் பார்ப்பாள். நான் ஷட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு விழிக்கும்போது மாடியிலிருந்து இறங்கி வந்து, மேசைக்கு அடியில் கிடக்கும் திருகாணியைக் காலால் காட்டிவிட்டுப் போவாள். "அண்ணா, உனக்கு நான் இல்லன்னா உன் மூக்குக்கண்ணாடியக்கூட நீ தேடிக்க மாட்ட" என்பாள். விளையாட்டாகச் சொன்னதுதான். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேறொரு ஊரில் இருக்கும் அருங்காட்சியகத்திலிருந்து அவளுக்கு வேலை வந்தது. அங்கே பழைய கண்ணாடித் தகட்டுப் படங்கள் அறை நிறையக் கிடக்கின்றன, அவற்றைச் சுத்தம் செய்து காப்பாற்ற ஆள் வேண்டும். அதன் காப்பாளர் அம்மாவே போன் செய்து பேசினார். குட்டிம்மா என்னிடம் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் "சந்தோஷம்" என்றேன். பிறகு கடைக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது மேடம். அதை எப்படிச் சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் கண்கள் சிவந்தன. அதை நான் செய்யவில்லை, தானாக வந்தது. கண் மருத்துவர் பார்த்துவிட்டு உள்ளே அழற்சி இருக்கிறது என்றார். வீக்கம் வற்ற ஒரு சொட்டு மருந்து, கண்ணுக்கு ஓய்வு கொடுக்க இன்னொரு சொட்டு மருந்து. வெளிச்சம் கூசும், இருட்டில் இருக்கட்டும் என்றார். நான் அவளை மேலே பின்னறையில் படுக்க வைத்து, ஜன்னலுக்குக் கறுப்பு அட்டை அடித்தேன். வேளாவேளைக்கு மருந்து விட்டேன். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். குளியலறைக்குக் கையைப் பிடித்து நடத்தினேன். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். "அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லாதவர்கள் இல்லை.

நாட்கள் போயின. அவளுக்குச் சரியாகவில்லை. கதவு இடுக்கில் வெளிச்சம் வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கிட்டத்தில் எதுவும் தெரியவில்லை. தன் கைரேகைகூடக் கலங்கித் தெரிகிறது என்றாள். செல்போனைப் பார்க்க முடியாது, அதனால் வந்த அழைப்புகளை நானே எடுத்தேன். காப்பாளர் அம்மா இரண்டு மூன்று முறை கூப்பிட்டார். உடம்பு சரியில்லை, இப்போதைக்கு வர மாட்டாள் என்று மரியாதையாகச் சொன்னேன். பிறகு அவர் கூப்பிடவில்லை.

ஒருமுறை அவள் பிடிவாதம் பிடித்தாள். "நானே டாக்டரப் பாத்துப் பேசணும். கூட்டிட்டுப் போ." சரி என்றேன். நான் எப்போது மறுத்தேன்? மத்தியானம் கிளம்பினோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கினாள். கடைசிப் படியில் வாசல் வெயில் மேலே பட்டதும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வேணாண்ணா. என்னால முடியல. மேல கூட்டிட்டுப் போயிடு."

"பாத்துட்டே வந்துரலாமே, குட்டிம்மா."

"கெஞ்சிக் கேக்கறேன். மேல போலாம்."

நான் வற்புறுத்தவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அவளே கேட்டுத்தான் திரும்பினாள். அன்று காலையில் வழக்கத்தைவிட ஒரு சொட்டு கூடுதலாக விட்டிருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

அந்த இரண்டாவது மருந்து என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்கிறேன். கண்பாப்பாவை விரித்துப் பிடித்துக்கொள்ளும். மருந்தின் வேகம் இருக்கும்வரை அது சுருங்காது, வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினாலும் சுருங்காது. அபர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்து, வளையத்தை அசைய விடாமல் பசை போட்டு ஒட்டியது மாதிரி. கிட்டப் பார்வைக்குக் கண் செய்கிற வேலையையும் அது நிறுத்திவிடும். அழற்சி உள்ள கண்ணுக்கு அது நல்லது. மருத்துவர் என்னை வெளியே நிறுத்தித் தெளிவாகத்தான் சொன்னார். "ஒரு வாரம் விடுங்க, அப்புறம் நிறுத்திடுங்க. திரும்பக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. நிறுத்தினா கூச்சம் தானா போயிடும்." சிவப்பு மறைந்தது. நான் நிறுத்தவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மாதம்தான். அந்த வேலை கைநழுவும் வரைக்கும். அதற்குப் பிறகு நிறுத்திவிடுவது என்றுதான் இருந்தேன். ஆனால் நிறுத்தினால் ஒரே நாளில் அவளுக்கு வெளிச்சம் கூசாது, பார்வை தெளிந்துவிடும். அப்புறம் ஏன் இத்தனை நாள் என்று கேட்பாள். என்ன பதில் சொல்வேன்? புலி வாலைப் பிடித்தவன் கதைதான். விடவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டு நடக்கவும் முடியவில்லை. என் நிலைமையில் இருந்து பார்த்தால்தான் அது புரியும்.

மருந்துக்கடை எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. பழைய சீட்டையே காட்டுவேன். கடைக்காரர் எனக்குப் பழக்கம். "இன்னுமா தங்கச்சிக்குச் சரியாகல? வேற டாக்டரப் பாக்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். அவர்மேல் தவறில்லை, அவரை இதில் இழுக்காதீர்கள்.

அவள் அழத் தொடங்கினாள். சத்தம் போட்டு அல்ல. சாப்பாட்டுத் தட்டை வாங்க நான் போகும்போது தலையணை ஈரமாக இருக்கும். "அழாதடா. அழுதா மருந்து கரைஞ்சுரும்" என்பேன். உடனே அடக்கிக்கொள்வாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டு, தண்ணீர் கண்ணுக்குள்ளேயே நிற்கும்படி பார்த்துக்கொள்வாள். அவ்வளவு நல்ல பெண். எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் அவளுக்குப் பொழுது போக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

ஜன்னலில் அடித்த கறுப்பு அட்டையில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத் துளை போட்டேன். உடைந்த கேமரா ஒன்றிலிருந்து எடுத்த லென்ஸை அதில் பொருத்தினேன். தெரு முழுவதும் அவள் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் வந்து விழுந்தது. தலைகீழாக, மங்கலாக, நிறங்களோடு. அந்த மங்கல் அவள் கண்ணை வருத்தவில்லை. சுவர் தள்ளி இருந்ததால் பார்க்கவும் முடிந்தது. முதல் கேமராவைப் போலவே ஓர் அறை. அதற்குள் என் தங்கை.

எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அன்று சிரித்தாள். "அண்ணா, முடிவெட்டுறவர் தலைகீழாத் தொங்கிட்டு முடி வெட்டறார். பஸ்ஸெல்லாம் வானத்துல ஓடுது." சாயங்காலம் கடையை மூடிவிட்டுப் போனால், அன்று தெருவில் யார் வந்தார், யார் யாரோடு சண்டை போட்டார் என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் நான் மிகவும் நிம்மதியாக இருந்தது அந்தச் சாயங்காலங்களில்தான்.

ஒருநாள் அவளிடம், கண் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். திரும்பி வந்ததும் கேட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னார். பொறுமையா இருக்கச் சொன்னார்."

"பஸ்ல கூட்டமா?"

"நிக்கக்கூட இடமில்ல."

குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றாள்.

நான் பஸ் ஏறவே இல்லை. தெருவைக் கடந்தேன், மருந்துக்கடையில் புட்டியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் நேரம் கழியும் வரை பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். நான் செய்தது அத்தனையும் மாடியில் அவள் சுவரில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுடைய வாக்குமூலத்தை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டியபோதுதான் இது தெரிந்தது. இத்தனை வருடம் கேமராவோடு வாழ்ந்தவன், என் கையாலேயே துளை போட்டவன், எனக்கு இது தோன்றவே இல்லை. படம் எடுக்கிறவன் எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தான் நிற்பான் மேடம். படத்தில் தானும் இருப்போம் என்று அவனுக்குத் தோன்றாது.

மறுநாளிலிருந்து நான் மருந்து விட்டு வெளியே வந்ததும், தண்ணீரில் நனைத்த துணியால் இடது கண்ணை மட்டும் கழுவியிருக்கிறாள். வலது கண்ணைத் தொடவில்லை. இது எங்கள் தொழிலில் தினமும் செய்வது. ஒரே தாளின் ஒரு பாதியை அட்டையால் மறைத்து, மறுபாதிக்கு மட்டும் வெளிச்சம் காட்டுவோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது சரியான அளவு என்று தெரிந்துவிடும். அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததுதான். சில நாட்கள் போனதும், ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்த்தாள், மறு கண்ணை மூடிப் பார்த்தாள். வலது கண்ணில் தெரு வெளுத்துக் கலங்கிக் கிடந்தது. இடது கண்ணில் வெளிச்சம் குறைவாக, ஆனால் ஊசிமுனை மாதிரி தெளிவாக இருந்தது. தன் கைரேகையும் தெரிந்தது.

அப்போதே என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான்தான் ஊருக்கே நல்ல அண்ணன், யாரும் நம்ப மாட்டார்கள் என்று பயந்தாளாம். ஆதாரமாக இருக்கட்டும் என்று வலது கண்ணை அப்படியே விட்டு வைத்தாளாம். நான் விட்ட ஒவ்வொரு சொட்டையும் அந்தக் கண்ணில் வாங்கிக்கொண்டு, முன்போலவே கையை நீட்டித் தடவி நடந்திருக்கிறாள். ஒருநாள் கதவு நிலையில் வேண்டுமென்றே இடித்துக்கொண்டிருக்கிறாள். நான் தைலம் தேய்த்துவிட்டேன். என் தங்கை என்னிடம் நடித்திருக்கிறாள் என்பதுதான் இந்த விஷயத்தில் என்னை அதிகம் காயப்படுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அபர்ச்சர் பாடம். "கண்ணாடியில உங்க கண்ணையே பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கி வந்தாள். நேராக என் பக்கத்தில் வந்து நின்று, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"கண்ணாடியெல்லாம் எதுக்கு? என் கண்ணையே பாருங்க" என்றாள். "இடது கண்ணு சுருங்கியிருக்கா? இது எஃப் பதினாறு. இப்ப வலது கண்ணப் பாருங்க. எவ்வளவு வெயில் அடிச்சாலும் அது மூடாது. எங்கண்ணன் தினம் காலையும் சாயங்காலமும் திறந்து வைக்கறார்."

வகுப்புக்கு வருகிற பல் டாக்டர் ஒருவர் எழுந்து, செல்போன் விளக்கை அவள் கண்ணுக்கு நேரே கொண்டுபோய்க் காட்டினார். இடது கண்பாப்பா சட்டென்று குறுகியது. வலதில் ஓர் அசைவும் இல்லை. அவர் விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "குட்டிம்மா, மேல போ" என்றேன். அவள் போகவில்லை. என் சொல்லுக்கு அவள் போகாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

வலது கண்ணில் உள்ளழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, பார்வை திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சொன்னீர்கள். இடது கண் தப்பிவிட்டது என்றீர்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றீர்கள். அந்த மருந்து இப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியுமா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள்.

தெரியும். புட்டியோடு ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள். யாரும் படிக்க மாட்டார்கள், நான் படிப்பேன். உடைந்த கேமரா வாங்கினாலும் அதன் விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள் நான். நீண்ட நாள் விட்டால் சிலருக்கு அழுத்தம் ஏறும், பார்வை போகலாம் என்று அதில் இருந்தது. இரண்டு முறை படித்தேன். கண் வலிக்கிறது, தலை இடிக்கிறது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று அவள் சொன்னபோது, அது எந்த வரி என்றுகூட எனக்கு நினைவிருந்தது. அன்றும் விட்டேன். பார்வை போய்விட்டால் அதற்கப்புறம் மருந்தே வேண்டியதில்லை, அவளும் எங்கும் போக மாட்டாள், நானும் பொய் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். அவளை வாழ்நாள் முழுக்க உள்ளங்கையில் வைத்துத் தாங்கியிருப்பேன். இதில் எங்கே கெட்ட எண்ணம் இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு வக்கீல் வேண்டாம். காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட இன்று காலை அவள் இங்கே வந்து போனதாகச் சொன்னீர்கள். யார் கூட்டிவந்தார்கள் என்று கேட்டேன். "தனியாத்தான் வந்தாங்க, தனியாத்தான் போனாங்க. அருங்காட்சியகத்துல அந்த வேலைய இன்னும் அவங்களுக்காக வெச்சிருக்காங்களாம், இன்னிக்கே கிளம்பறதாச் சொன்னாங்க" என்கிறீர்கள்.

நீங்கள் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள் மேடம். அவளால் அதெல்லாம் முடியாது. வெளியே வெயில் கொளுத்துகிறது, ரயில் நிலையத்தில் கூட்டமாக இருக்கும். யாரையாவது உடனே அனுப்பி, என் தங்கையைக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.